கலவன்

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரச் சொல்லி அமிர்தலிங்கம் சார் ஜெயபாரதிக்குப் போன் பண்ணவில்லை. அவளுடைய அண்ணனுக்குப் பண்ணினார்.

"நாளைக்குப் பெரிய இடத்துலேருந்து வர்றாங்க தம்பி. பாப்பாவை நல்ல புடவையாக் கட்டி, தலை நெறையப் பூ வச்சு அனுப்புங்க. வரவேற்புல நிக்கணும்" என்றாராம். அண்ணன் ராஜராஜன் அதைச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சார் பேசுகிற மாதிரியே தொண்டையைச் செருமிச் சொல்லிக் காட்டினான்.

ஜெயபாரதி எடுத்த கவளம் கையிலேயே நின்றது.

"என் செடியைப் பாக்கத்தான் அவங்க வர்றாங்க. நான் வயல்ல நின்னு விளக்கம் சொல்லணும். வரவேற்புல எனக்கு என்ன வேலை?"

"விளக்கத்தையெல்லாம் செழியன் பாத்துப்பானாம்."

"அவன் எப்படிச் சொல்வான்? அந்தச் செடியை அவன் குனிஞ்சு பாத்ததுகூட இல்ல."

"உனக்குத் தொண்டை எழும்பாதாம். பெரிய மனுஷங்க முன்னாடி முழிப்பியாம். சார் உன் நல்லதுக்குத்தான் சொல்றாரு."

அவள் கூச்சக்காரி என்பது பொய்யில்லை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. கூச்சப்படுகிறவளின் வாயை மூட யாரும் கையை ஓங்க வேண்டியதில்லை. 'நீ கூச்சப்படுவே' என்று நாலு பேர் முன்னால் சொன்னாலே போதும்.

ராஜராஜன் விடவில்லை. "இங்க பாரு. நாளைக்கு வர்ற குழு உன் ஆராய்ச்சித் திட்டத்தை இன்னும் நீட்டினா நீ படி. நீட்டலைன்னா உனக்குக் காலேஜும் கெடையாது, சேறும் கெடையாது. கும்பகோணத்து மாப்பிள்ளை வீட்டுல தை மாசம்னு சொல்லி வச்சிருக்கேன். இதுக்கு மேல என்னால வாய்தா வாங்க முடியாது."

"நீட்டுவாங்க."

"நீ வாசல்ல பன்னீர் தெளிச்சா நீட்டுவாங்களா?" என்று சிரித்துவிட்டுத் தட்டிலேயே கையைக் கழுவினான். அந்த வீட்டில் அவன் தட்டில் கை கழுவிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வலங்கைமானுக்குக் கொஞ்சம் வெளியே, ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது அந்தக் கல்லூரியின் நெல் ஆராய்ச்சிப் பண்ணை. ஜெயபாரதி அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அமிர்தலிங்கம் அவளுடைய வழிகாட்டி. செழியன் அவளுக்கு ஒரு வருஷம் பின்னால் வந்து சேர்ந்தவன்.

போன வருஷம் ஐப்பசி மழையில் பண்ணை முழுக்க மூழ்கியது. வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் எல்லா வயலும் அழுகி, நாற்றம் ரோடுவரை அடித்தது. அந்த அழுகலுக்கு நடுவே ஒரு மூலையில் நாலைந்து குத்து நெல் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி பச்சையாக நின்றது. ஜெயபாரதி முழங்கால் சேற்றில் இறங்கி அதன் அடியைப் பிடித்துப் பார்த்தாள். அடித்தூர் ஊதாவாக இருந்தது. அந்த வயலில் நட்ட ரகத்துக்கு அடித்தூர் பச்சை.

அவள் ஓடிப்போய்ச் சொன்னபோது அமிர்தலிங்கம் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அது கலவன்மா. புடுங்கி எறி."

ஒரு ரகம் நட்ட வயலுக்குள் வேறு ரகத்துச் செடி தலை காட்டினால் அதற்குக் கலவன் என்று பெயர். உயரமாக இருக்கலாம், குட்டையாக இருக்கலாம், நிறம் மாறியிருக்கலாம். எதுவானாலும் விதை வயலில் அதைப் பிடுங்கிவிட வேண்டும். அதுதான் பழக்கம். நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்பதில்லை. மற்றவை மாதிரி இல்லை என்பதே போதும்.

ஜெயபாரதி பிடுங்கவில்லை. காத்திருந்து விதை எடுத்தாள். பாதியை எலி தின்றது. மீதியை இந்த வருஷம் நாற்று விட்டு, தனியாக ஒரு பாத்தி கேட்டாள்.

"தனிப் பாத்தியா? பாத்தி என்ன பாட்டன் சொத்தா? செழியன் வயல்ல ஓரமா எடம் இருக்கும், நட்டுக்க" என்றார் சார்.

நட்டாள். இந்த ஐப்பசியிலும் தண்ணீர் நின்றது. செழியன் பயிர் மஞ்சளாய்ப் பழுத்துப்போய்ப் பாதிதான் தேறியது. ஓரத்தில் நின்றது மட்டும் தூர் கட்டி நிமிர்ந்தது. அப்போதுதான் சாருக்கு அது கலவனாகத் தெரியாமல் போயிற்று. மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதினார். வெள்ளத்தைத் தாங்கும் செடி, அடித்தூர் ஊதா, உடனே பார்வையிட வேண்டும் என்று. அதில் முதலில் அவர் பெயர், அடுத்தது செழியன் பெயர், கடைசியில் 'மற்றும் பலர்' என்று இருந்தது.

ஜெயபாரதி ஒவ்வொரு குத்துக்குப் பக்கத்திலும் குச்சி நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தாள். குழு வருகிறது என்று தெரிந்த வாரம் செழியன் அதைப் பார்த்தான். பண்ணைக் கொட்டகையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம்.

"என்னக்கா, புள்ள வரம் வேண்டிக் கோயில் மரத்துல முடிச்சுப் போட்ட மாதிரி கட்டி வச்சிருக்கே. மொதல்ல கல்யாணம் ஆவட்டும்க்கா. அப்புறம் புள்ளைக்கு முடிச்சுப் போடலாம்."

கொட்டகையே சிரித்தது. அமிர்தலிங்கம் டீ சிந்தாமல் இருக்கத் தம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். "விடுடா, அண்ணன்காரன் மாப்பிள்ளை பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றார்.

அன்று எல்லோரும் போன பிறகு ஜெயபாரதி வயலில் இறங்கி ரிப்பனை எல்லாம் அவிழ்த்தாள். குச்சிகளையும் பிடுங்கினாள். தன் செடி தனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டாள். உண்மையில் அவள் நினைத்தது அது இல்லை. நாளைக்கு மறுபடி அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அதைக் கேட்க முடியாது என்றுதான் நினைத்தாள்.

காலையில் மழை விட்டிருந்தது. வயலின் தலைமாட்டில் ஷாமியானா போட்டு, வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். மேஜைமேல் சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு. பக்கத்தில் முக்காலியில் ஒரு பெரிய பித்தளை உருளி. அதில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழும் சாமந்தி இதழும் மிதக்க விட்டிருந்தார்கள்.

ராஜராஜன் பைக்கிலிருந்து அவளை இறக்கிவிட்டு, சாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அரக்குப் பட்டு, தலையில் பூ. ஜெயபாரதி நேராக வரப்பை நோக்கி நடந்தாள்.

"எங்கம்மா போறே?" என்று அமிர்தலிங்கம் தடுத்தார்.

"செடியை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன் சார்."

"பட்டுப்புடவையோடயா? வழுக்கி விழுந்து எழுந்து வந்து நின்னா நல்லாருக்குமா? வயலையெல்லாம் செழியன் சுத்தம் பண்ணிட்டான். ஒரு கலவன் கண்ணுல படாது. நீ இங்கயே நில்லு."

"சார், விளக்கம் நான் சொல்றேன் சார். எழுதிப் பழகியிருக்கேன்."

"அவங்க என்ன கேப்பாங்க தெரியுமா? எடுத்துக் கட்டிப் பேசணும். செழியனுக்கு நாளைக்கு இங்க நிரந்தர வேலை வரும். இந்தச் செடியோட பத்து வருஷம் இருக்கப் போறவன் அவன். நீ தையில தாலி கட்டிக்கிட்டுப் போயிடுவே. போற பொண்ணு பேர்ல செடிய எழுதி வச்சா, செடிக்கு யாரு கதி?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஜெயபாரதி வாயைத் திறந்தாள். பின்னால் இரண்டு பேர் நாற்காலி போட்டுக்கொண்டே கவனிப்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கார்கள் வந்தன. முதலில் இறங்கியது ஒரு அம்மாள். நரைத்த தலை, நூல் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. குழுவின் தலைவர் டாக்டர் பிரகதாம்பாள். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம், ஹைதராபாத்தில் வேலை. கூட இரண்டு அதிகாரிகள்.

ஜெயபாரதிக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. தலைவர் ஒரு பெண். ஏதாவது கேட்பார், அப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே பன்னீர்ச் செம்பை ஆட்டினாள். வேகமாக ஆட்டியதில் துளி தெறித்து அந்த அம்மாளின் கண்ணாடியில் விழுந்தது.

பிரகதாம்பாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "பொண்ணுங்களுக்கு வேற வேலையே குடுக்கறது இல்லையா இங்க?" என்றார். அவளைப் பார்த்துச் சொன்ன மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. பதிலுக்கு நிற்கவில்லை.

"நம்ம பொண்ணுதான் மேடம், ஸ்டூடண்டு" என்று அமிர்தலிங்கம் சிரித்துக்கொண்டே அவரை உள்ளே அழைத்துப் போனார்.

அந்த நேரத்தில்தான் களை எடுக்கிற கமலவல்லி ஷாமியானாவுக்குப் பின்பக்கம் போனாள். தலையில் புல்லுக்கட்டு. கோரையும் அருகும் கலந்த பச்சைக் கட்டு. அதன் ஓரத்தில் கொஞ்சம் தடித்த தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் அடி ஊதாவாக இருந்தது.

ஜெயபாரதி செம்பை மேஜைமேல் வைக்கவில்லை, போட்டாள். பன்னீர் கொட்டிச் சந்தனம் கரைந்தது. அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"அக்கா, நில்லுங்க. அந்தக் கட்டை எறக்குங்க."

கமலவல்லி நின்றாள். இறக்கவில்லை. "எதுக்கு?"

"அதுல என் செடி இருக்கு."

"இது புல்லுக்கட்டு."

"அடியில ஊதாவா இருக்கு பாருங்க. அது நெல்லு. என் நெல்லு."

"காலையில செழியன் தம்பி வரப்புல நின்னுக்கிட்டுச் சொன்னாரு. ஓரத்துல கலவன் நிக்குது, ஒண்ணு விடாமப் புடுங்குங்கன்னாரு. புடுங்கினோம். புடுங்கினவளுக்குத்தானே புல்லு? நான் என்ன, திருடிக்கிட்டா போறேன்?"

"திருடறீங்கன்னு யாரு சொன்னா? எறக்குங்கக்கா, காஞ்சுடும்."

கமலவல்லி அசையவில்லை. "குறுவைக் களைக்கு வந்தப்ப என் கட்டை அவுத்துக் கொட்டச் சொன்னது யாரு? நெனப்பு இருக்கா மேடம்? ஆராய்ச்சி வயல்லேருந்து ஒரு இணுக்கு வெளிய போகக் கூடாதுன்னீங்க. அத்தனை பேரு முன்னாடி கொட்டிட்டு வெறுங்கையோட போனேன். என் மாடு அன்னிக்கு வைக்கோலத்தான் தின்னுச்சு."

ஜெயபாரதிக்கு நினைவிருந்தது. "சார்தான் என்னைச் சொல்லச் சொன்னாரு."

"இன்னிக்குத் தம்பி புடுங்கச் சொன்னாரு. உங்களுக்கு ஒருத்தர் சொல்றாரு, எங்களுக்கு ஒருத்தர் சொல்றாரு. எதுத்து ஒரு வார்த்தை நீங்களும் கேக்கல, நானும் கேக்கல. அப்புறம் என்கிட்ட மட்டும் எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்க?"

சொல்லிவிட்டுக் கட்டைத் தரையில் தள்ளினாள். "பொறுக்கிக்கங்க. மிச்சத்தைத் திரும்பக் கட்டித் தூக்கி விட்டுட்டுப் போங்க. புல்லுக்கட்டு கட்டத் தெரியுமா, இல்ல அது படிப்புல வரலையா?"

ஜெயபாரதி ஈரத்தரையில் மண்டியிட்டுக் கட்டைப் பிரித்தாள். கோரை கையை அறுத்தது. அவளுடைய செடி ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் திருப்பி அடியைப் பார்த்தாள். வேர் இல்லை. மண்ணோடு இருந்தால் மாடு முகர்ந்துவிட்டு விட்டுவிடும் என்று கமலவல்லி அரிவாளால் வேரை நறுக்கிவிட்டுத்தான் கட்டியிருந்தாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கட்டின் நடுவே அழுந்திக் கிடந்த ஒரே ஒரு குத்து மட்டும் அரிவாளுக்குத் தப்பியிருந்தது. கைப்பிடி வேர், அதில் ஒட்டிய கொஞ்சம் சேறு.

அதை எடுத்து முந்தானையில் சுற்றினாள். பிறகு, ஓடுவதற்கு முன், மிச்சப் புல்லை வாரிச் சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கினாள். கட்டு கோணலாக வந்தது. கமலவல்லி கோணலைப் பார்த்தாள். தலையைக் குனிந்து கொடுத்தாள். ஜெயபாரதி தூக்கி வைத்தாள்.

அவள் ஷாமியானாவுக்குத் திரும்பியபோது குழு வரப்பில் நின்றது. பேசுவது நன்றாகக் கேட்டது.

"இதுதான் மேடம் அந்தச் செடி" என்று செழியன் ஓரத்தைக் காட்டினான். புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கால் வரப்பில்தான் இருந்தது.

பிரகதாம்பாள் ஷூவைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார். குனிந்து ஒரு குத்தை விலக்கிப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். "ரிப்போர்ட்டுல அடித்தூர் ஊதான்னு எழுதியிருக்கீங்க. இது பச்சையா இருக்கே."

செழியன் சாரைப் பார்த்தான். சார் வயலைப் பார்த்தார்.

"தொடர்ந்து மழை மேடம்" என்றான் செழியன். "மழையில கொஞ்சம் நிறம் எறங்கிடுச்சு."

"நெல்லுக்குச் சாயம் போகுமா?"

யாரும் சிரிக்கவில்லை. செழியன் கழுத்து வேர்த்தது. கலவனைப் பிடுங்கு என்று சொன்னவனுக்கு, தான் காட்ட வேண்டிய செடியே அந்தக் கலவன்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அவன் ரிப்போர்ட்டைப் படித்திருந்தான், ரிப்பனைப் பார்த்திருந்தான், செடியைக் குனிந்து பார்த்ததில்லை. ரிப்பன் போன பிறகு ஓரத்தில் எது எது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஜெயபாரதிக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்பட நேரமில்லை. முந்தானைக்குள் வேர் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குடம் இல்லை, வாளி இல்லை. உருளிதான் இருந்தது. குத்தை அப்படியே அதில் இறக்கினாள். சேறு கரைந்து தண்ணீர் கலங்கியது. ரோஜா இதழ்கள் விலகி விளிம்பில் ஒதுங்கின.

குழு வரப்பிலிருந்து திரும்பி வந்தது. அமிர்தலிங்கம்தான் முதலில் பார்த்தார். முகம் கறுத்தது.

"என்ன காரியம்மா இது? உருளியில சேத்தைக் கொண்டாந்து போட்டிருக்கே. யாராவது இதை எடுத்துக் கொட்டுங்கடா."

"கொட்டாதீங்க" என்றாள் ஜெயபாரதி. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

பிரகதாம்பாள் உருளிக்குள் கையை விட்டு, இதழ்களை ஒதுக்கி, அடித்தூரைத் திருப்பிப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். "இது எங்க இருந்துச்சு?"

"மாட்டுக்குப் போய்க்கிட்டிருந்துச்சு மேடம்."

"யாரு புடுங்கினது?"

செழியன் வாய் திறப்பதற்குள் அமிர்தலிங்கம் முந்திக்கொண்டார். "எல்லாம் இந்தப் பொண்ணோட கவனக்குறைவுதான் மேடம். அடையாளத்துக்கு ரிப்பன் கட்டி வச்சிருந்தா. போன வாரம் அவளே எல்லாத்தையும் அவுத்துட்டா. அடையாளம் இல்லாம நின்னா, களை எடுக்க வந்த பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்? கேட்டுப் பாருங்க, அவுத்தது அவதான்."

பிரகதாம்பாள் அவளைப் பார்த்தார். முதல் முறையாகப் பார்த்தார். "அவுத்தீங்களா?"

"அவுத்தேன்."

"ஏன்?"

ஷாமியானாவில் அத்தனை பேரும் இருந்தார்கள். நாற்காலி போட்டவர்கள், டிரைவர்கள், அதிகாரிகள், செழியன், சார். இப்போது பேசாவிட்டால் இது கவனக்குறைவு. தை மாசம் கல்யாணம். உருளியில் நிற்கிறது குப்பை. எல்லாம் ஒழுங்காக முடிந்துவிடும்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்.

"செழியன் சொன்னாரு. 'என்னக்கா, புள்ள வரம் வேண்டிக் கோயில் மரத்துல முடிச்சுப் போட்ட மாதிரி கட்டி வச்சிருக்கே. மொதல்ல கல்யாணம் ஆவட்டும்க்கா. அப்புறம் புள்ளைக்கு முடிச்சுப் போடலாம்'னாரு. கொட்டகையில எல்லாரும் சிரிச்சாங்க. சார் தம்ளரைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாரு. 'விடுடா, அண்ணன்காரன் மாப்பிள்ளை பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்'னாரு. அதனால அவுத்தேன்."

கொட்டகையில் அவ்வளவு சிரிப்பை வரவழைத்த அதே வார்த்தைகள்தான். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பு இல்லாமல் தனியாக நின்றபோது அந்தப் பேச்சு எவ்வளவு அசிங்கம் என்று பேசினவர்களுக்கே தெரிந்த மாதிரி இருந்தது. ஒரு டிரைவர் எழுந்து வெளியே போனார்.

"சும்மா தமாஷுக்குச் சொன்னது மேடம்" என்றான் செழியன்.

பிரகதாம்பாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஜெயபாரதியைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் ஒரு சொட்டும் இல்லை.

"இந்தப் பேச்சுக்கா ரிப்பனை அவுத்தீங்க? நாளைக்கு இதைவிட மோசமாப் பேசுவாங்க. அப்ப எதை அவுப்பீங்க? வாசல்ல செம்பைத் தூக்கிக்கிட்டு நின்னீங்களே, அது யாரு தமாஷு? நிக்க மாட்டேன்னு ஏன் சொல்லல?"

ஜெயபாரதிக்குக் கண் எரிந்தது. இந்த அம்மாள் தோளில் கை வைப்பார் என்று தான் எதிர்பார்த்ததை நினைத்து வெட்கப்பட்டாள். வெட்கத்தோடு கோபமும் வந்தது.

"சொல்லியிருந்தா என்னை உள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. நீங்க கார்லேருந்து எறங்கினதும் விளக்கம் சொல்றது யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்களும் கேக்கலையே மேடம்."

அமிர்தலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிரகதாம்பாள் கண்ணாடியைக் கழற்றி, ஏற்கெனவே துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஒரு குத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"சிம்பு சிம்பா, தாள் தாளாப் பிரிச்சு நடுவேன். ஒவ்வொரு சிம்பும் ஒரு குத்து ஆகும். பூ எடுக்கறதுக்குள்ள தூர் கட்டிடும்."

"எங்க நடுவீங்க? ஓரத்துலயா?"

"ஓரத்துல நட மாட்டேன். இந்த வயலுக்கு நடுவுல ஒரு பாத்தி வேணும். இன்னிக்கே வேணும்."

"மேடம், அந்த வயல்ல பயிர் நிக்குது" என்றார் அமிர்தலிங்கம்.

"என்ன பயிர்? சாயம் போனதா?" பிரகதாம்பாள் ஷூவை மாட்டிக்கொண்டார். "பாத்தியைக் குடுங்க. ரிப்போர்ட்டைத் திருப்பி எழுதுங்க. பொறுப்பு யாருன்னு இவங்க பேரு மட்டும் இருக்கணும். இது பொழச்சுப் பூ எடுத்தாத் திட்டத்தை நீட்டறேன். செத்துடுச்சுன்னா திட்டமும் அதோட சரி. இவங்களுக்காக நான் யாருகிட்டயும் சிபாரிசு பண்ண மாட்டேன்." ஜெயபாரதியிடம் திரும்பி, "புரிஞ்சுதா?" என்றார்.

"புரிஞ்சுது."

கார்கள் போயின. கற்கண்டை யாரும் தொடவில்லை.

அமிர்தலிங்கம் கார் மறையும்வரை கும்பிட்ட கையை இறக்கவில்லை. பிறகு திரும்பினார். "நல்லா இருக்கும்மா. வளத்த கையைக் கடிச்சுட்டே. இதை வச்சுக்கிட்டு இந்தப் பண்ணையில நீ எப்படி டாக்டர் பட்டம் வாங்கறேன்னு நானும் பாக்கறேன். இப்பவே உங்க அண்ணனுக்குப் போன் போடறேன்."

"போடுங்க சார்" என்றாள் ஜெயபாரதி. "வர்றப்ப மண்வெட்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போடவில்லை.

அவள் தலையிலிருந்த பூவை எடுத்து உருளிப் பக்கத்தில் வைத்தாள். பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் இறுக்கிச் செருகினாள். வரப்பு ஏறி, வயலில் இறங்கி, நட்ட நடுவுக்குப் போனாள். அங்கே செழியனின் பயிர் கயிறு பிடித்து நட்ட வரிசையில், ஒன்றுபோல் நின்றது. குனிந்து முதல் குத்தைப் பிடித்து வேரோடு இழுத்தாள். சேறு விட மனசில்லாமல் விட்டது.

வரப்பில் நின்றிருந்த செழியன் பதறினான். "அக்கா, அது நல்ல பயிருக்கா. கஷ்டப்பட்டு வளத்தது."

ஜெயபாரதி நிமிரவில்லை. அடுத்த குத்தைப் பிடித்தாள்.

"என் பாத்தியில அது கலவன்" என்றாள்.

பிடுங்கியதை எல்லாம் வரப்பில் வீசினாள். கோணல் கட்டை எங்கேயோ இறக்கி வைத்துவிட்டுக் கமலவல்லி திரும்பி வந்திருந்தாள். விழுந்த பயிரைப் பார்த்தாள், செழியனைப் பார்த்தாள், வயலுக்குள் நின்றவளைப் பார்த்தாள்.

"இதுக்கும் ஏதாவது சட்டம் இருக்கா மேடம், இல்ல எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கங்க."

கமலவல்லி இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்து வரப்பில் குந்தினாள். செழியனின் பயிரை அள்ளி, வேரை நறுக்கி நறுக்கி அடுக்கத் தொடங்கினாள்.